கெசியா மாப்பிள்ளை பார்க்கப் போனது

"ஏட்டி ஹெப்சிபா, கொழும்பு போவமா?"

தையல் வகுப்பில் பிள்ளைகள் விட்டுப்போன நூல் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே கெசியா இதைக் கேட்டாள். ஆற்றுக்குக் குளிக்கப் போவோமா என்று கேட்கிற தோரணைதான் அதில் இருந்தது.

"கொழும்புக்கா? எதுக்கு?"

"ஒருத்தரைப் பாக்க."

ஹெப்சிபா திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். "யாரை?"

"எனக்குப் பாத்திருக்க மாப்பிள்ளையை. பேரு வேதநாயகம். ஊரு சாயர்புரம். அங்கன நாலாம் குறுக்குத் தெருவுல மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கி வைக்குத ஒரு கிட்டங்கியில வேலையாம். மூட்டை மேல இங்கிலீஷ் எழுத்துல குறி போடுதவராம். அப்பா எழுதியிருக்காவ."

"மாப்பிள்ளைதானே பொண்ணு பாக்க வருவாவ?"

"வருவாவ. வந்து பாஸ்டர் ஐயா பக்கத்துல உக்காந்து, முழங்காலைச் சேத்து வச்சுக்கிட்டு, பிஸ்கோத்தைச் சத்தமில்லாமக் கடிச்சுக்கிட்டு, கேட்டதுக்கெல்லாம் ‘ஆமா ஐயா’ன்னு சொல்லுவாவ. அதுல எனக்கு என்ன தெரியும்? நான் பாக்குதது அவருக்குத் தெரியாம இருக்கணும். அப்பத்தான் ஆளைப் பாத்த மாதிரி."

"பாத்து என்னத்தத் தெரிஞ்சுக்கிடப் போற?"

கெசியா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவள் குரல் இறங்கியது. "எங்க அத்தான் நல்லவருதான். குடி கிடையாது, கை நீட்டுத பழக்கம் கிடையாது. ஆனா அக்கா சிரிச்சா ஒரு பார்வை பாப்பாரு. அவ்வளவுதான். ஆறு வருஷம் ஆச்சு, இப்ப அக்கா சிரிக்குததே இல்லை. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும் ஹெப்சி. அந்த மனுஷன் பக்கத்துல நின்னு சிரிக்க முடியுமா, முடியாதா?"

"எப்பப் பதில் சொல்லணும்?"

"ஜூன் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கணும்னு அவங்க வீட்டுல அவசரப்படுதாவ. நீ சரின்னாதான் நான் எழுதிக் கொடுப்பேன்னு அப்பா சொல்லிட்டாவ. பாவம், எங்க அப்பா. அக்காவை நினைச்சு அவுகளுக்கும் பயம்."

ஹெப்சிபா நோட்டை ஓரமாக வைத்தாள். ஓலை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும் கூடியிருக்க, பாஸ்டர் இரண்டு பெயர்களையும் உரக்க வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். முதல் ஓலை வாசித்தபின் வேண்டாமென்று நின்றவர்களைப் பற்றிப் பத்து வருஷம் கழித்தும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு, கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு. கெசியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஓரமாக ஒரு சிற்றூரில் சபையை நடத்தும் உபதேசியார் அவள் தகப்பனார். எட்டு வயதில் பாளையங்கோட்டை போர்டிங்குக்கு வந்தவள், அங்கேயே படித்து, அங்கேயே தையல் ஆசிரியை ஆனாள். அவள் போடுகிற தையல் அச்சடித்தது போல இருக்கும். அவள் சிரிப்போ, வாளி கயிறு அறுந்து கிணற்றில் விழுந்தது போல இருக்கும். பத்து வயதில், மாலை ஜெபத்தின் நடுவே எல்லாரும் கண்ணை மூடியிருக்க, இவள் மட்டும் திறந்திருந்தாள். உத்தரத்திலிருந்து ஒரு பல்லி, பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாளின் தொப்பியில் விழுந்து, அதிலிருந்த துணிப்பூவை முகர்ந்து பார்த்தது. ஜெபம் அத்தோடு முடிந்தது. கெசியாவுக்கு ஒரு வாரம் பலகாரம் இல்லை. "சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடு" என்று அன்று சொன்னதை அவள் தவறாமல் கடைப்பிடித்தாள். வாயை மூடுவாள், முகத்தையும் மூடுவாள். தோள் குலுங்கும், பெஞ்சு ஆடும்.

அதே போர்டிங்கில் அவளோடு வளர்ந்த ஹெப்சிபா நேர் எதிர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவள். ஆனால் தமிழும் இங்கிலீஷும் நன்றாக எழுதுவாள். கொழும்பில் கொச்சிக்கடைப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் தன் அண்ணன் தேவதாசனைப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டு மிஸ்ஸியம்மாளுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாள். துணைக்குக் கெசியாவும் வருவாள் என்று அதே விஷயத்தைக் கெசியாவின் தகப்பனாருக்குத் தமிழில் எழுதினாள். இரண்டிலும் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லை. இரண்டு நாள் அவளுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வயதுவந்த பெண்கள் இரண்டு பேர் தனியாகக் கடல் தாண்டக் கூடாது என்று மிஸ்ஸியம்மாள் சொர்ணாம்பாளையும் உடன் அனுப்பினார்கள். சொர்ணாம்பாள் கைம்பெண், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக்காட்டுவது அவள் உத்தியோகம். ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் பெயரை மாற்றச் சொன்னபோது, "இந்தப் பேருல கூப்பிட்டா கடவுளுக்குக் கேக்காதா?" என்று கேட்டு மாற்றாமலே இருந்துவிட்டவள். கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. நாயை விரட்ட, ஓடையை ஆழம் பார்க்க, எல்லாவற்றுக்கும் அந்தக் குடைதான். விஷயத்தை ரயிலில் வைத்துச் சொன்னார்கள். அவள் திட்டப் போகிறாள் என்று ஹெப்சிபா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொர்ணாம்பாள் சற்று யோசித்து, "எனக்கு இந்த யோசனை பன்னிரண்டு வயசுல வரலையே" என்றாள்.

தூத்துக்குடியில் படகேறி, தூரத்தில் நின்ற கப்பலுக்குப் போய், மறுநாள் காலை கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோது சொர்ணாம்பாளும் ஹெப்சிபாவும் வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாமல் வாடிப்போயிருந்தார்கள். கெசியா மட்டும் அப்போதுதான் பறித்த வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தாள்.

தேவதாசனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைத் தேநீருக்கு அழைத்துவிடுவான். பாஸ்டரும் வருவார், பிஸ்கோத்தும் வரும். "புறக்கோட்டைக் கடைத்தெருவைச் சுத்திப் பாக்கோம் அண்ணா" என்று மட்டும் ஹெப்சிபா சொன்னாள். "டிராம் வண்டி கடைசியா நிக்குத இடத்துல இறங்கு. தொலைஞ்சு போயிராத" என்று அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

டிராம் வண்டியைப் பார்த்ததும் சொர்ணாம்பாள் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். "மாடு எங்கன?"

"மாடு கிடையாது பெரியம்மா. மேல கம்பி போகுதுல்லா, அதுல மின்சாரம் வருது."

"கம்பி இழுக்குதாக்கும்!" என்று ஏறி உட்கார்ந்தவள், அது நகர்ந்ததும் குடையை விரித்துவிட்டாள். வண்டியே சிரித்தது. கெசியாவின் முந்தானை முகத்துக்குப் போயிற்று.

புறக்கோட்டையில் இறங்கியதும் மூவருக்கும் தலை சுற்றியது. அந்தத் தெருக்களில் கொழும்பிலேயே பிறந்தவன் என்று ஒருவனும் இல்லை போலிருந்தது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். கட்டம் போட்ட சாரமும் சரிகைச் சட்டையும் உடுத்த ஒரு மலாய்க்காரி, கரியைவிடக் கறுப்பான ஒரு மிட்டாயை வாழையிலையில் வெட்டி விற்றாள். தொதல் என்றாள். தமிழிலேயே விலை சொன்னாள். வாயில் போட்டால் பல்லோடு ஒட்டிக்கொண்டு வெகுநேரம் யாரையும் பேசவிடவில்லை. ஹெப்சிபாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மூட்டையைத் தோளில் தொங்கவிட்ட சீனர் ஒருவர், பட்டுத் துணியை ஒரே உதறில் காற்றில் விரித்து, அது தரையைத் தொடுமுன் மடித்துக் காட்டினார். கெசியா மூன்று முறை உதறச் சொல்லிவிட்டு, "துணி நல்லாத்தான் இருக்கு, வேண்டாம்" என்றாள். குஜராத்திக் கடையில் தரைமுழுக்க வெள்ளை மெத்தை. சொர்ணாம்பாள் குடைநுனியால் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

அடுத்த தெருவுக்குத் திரும்பியதும் காதில் விழுந்தது, "ஏலே, பைய இறக்கு, பைய! உங்கப்பன் வீட்டு வெங்காயமாலே?"

மூவரும் நின்றுவிட்டார்கள். உடன்குடிக் கருப்பட்டி, ஆறுமுகநேரி உப்பு, வெங்காயம், வத்தல், கருவாடு. நாற்றம்கூட டவுன் கடைத்தெரு நாற்றமாகவே இருந்தது. யாருக்கும் தெரியாத ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து பார்க்கலாம் என்று கடல் தாண்டி வந்தால், திருநெல்வேலியில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது.

கருப்பட்டிக் கடை அண்ணாச்சி ஒருவர் எட்டிப் பார்த்தார். "எந்த ஊரு தாயி?"

"மெட்ராஸ்" என்றாள் கெசியா, கண் இமைக்காமல்.

"அப்படியா? மெட்ராஸ்ல எங்கன?"

"அங்கனதான்... கடற்கரைப் பக்கம்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "சரிதான். மெட்ராஸ் இப்ப பாளையங்கோட்டைக்குத் தெக்க வந்துட்டு போல."

மூவரும் ஓட்டமும் நடையுமாக அந்த இடத்தை விட்டு அகன்றார்கள்.

நாலாம் குறுக்குத் தெருவில் கடிதத்தில் இருந்த கிட்டங்கியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெருமுனையிலேயே வத்தல் நெடி மூக்கில் ஏறியது. எதிரே பம்பாய்க்காரர் ஒருவரின் சர்பத் கடை. பெண்கள் உட்காரத் திரை மறைவில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார். திரையில் ஒரு கிழிசல். கெசியா அந்தக் கிழிசலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள்.

பலூடா என்று ஒன்று வந்தது. நீளக் கண்ணாடிக் கிளாசில் ரோஜா நிறப் பால், அடியில் ஊறின விதைகள், மேலே சீவிய ஐஸ். சொர்ணாம்பாள் ஒரு கரண்டி ஐஸை வாயில் போட்டதும் கண் இரண்டும் நிலைகுத்தி நின்றன.

"பெரியம்மா! என்ன செய்யுது?"

"பல்லு செத்துப்போச்சுட்டி" என்றாள். பிறகு இன்னொரு கரண்டி எடுத்தாள். "ஆனா நல்ல சாவு."

மத்தியானம் ஆயிற்று. கிட்டங்கியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து, வாசல் நிழலில் கிடந்த மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் இலைப் பொட்டலம். ஒருவன் உயரம், சுருட்டை முடி, எடுப்பான மூக்கு. மற்றவன் குட்டை. சட்டை முழுவதும் மசிப்புள்ளி. இரண்டு பொட்டலமும் பிரிந்தன. உயரமானவன் தலையைக் குனிந்து கண்ணை மூடினான். உதடு அசைந்தது. குட்டையானவன் ஒரு நொடியும் தாமதிக்காமல் சோற்றில் கை வைத்தான்.

"அவருதான்!" கெசியா ஹெப்சிபாவின் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். "ஜெபம் பண்ணுதாரு பாரு. இந்தத் தெருவுல சாப்பாட்டுக்கு முன்ன கண்ணை மூடுத ஆளு வேற யாரு இருக்கப் போறா?"

சந்தேகப்பட ஒன்றுமில்லை. சோற்றுக்கு முன் கண்ணை மூடினால் நம் ஆள். சின்ன வயது முதல் மூவரும் அப்படியே பார்த்து வளர்ந்தவர்கள்.

"அந்தக் குட்டையன் திங்குத அழகைப் பாரு" என்றாள் சொர்ணாம்பாள். "ஒரு கை தன் சோத்துல. இன்னொரு கையை அடுத்தவன் பொட்டலத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கான். பிடுங்கிருவான் போல."

"கண்ணு நாலு பக்கமும் திருடன் மாதிரி சுத்துது" என்றாள் கெசியா. "எங்க ஆளு பாவம், எவ்வளவு பக்தியா இருக்காவ!"

சாப்பிட்டு எழுந்த ‘எங்க ஆளு’ தெருவில் இறங்கி நடந்தான். கெசியாவும் எழுந்தாள். அவன் போன வழியெல்லாம் மூவரும் பத்தடி பின்னால் போனார்கள். அவன் திரும்பினால் சொர்ணாம்பாள் குடையை இறக்கி மூவர் முகத்தையும் மறைப்பாள். மூன்று சேலையும் ஒரு குடையுமாகத் தெருவில் நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்து இரண்டு ரிக்சாக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். அவன் ஒரு கடைக்காரனிடம் பேசி வெடித்துச் சிரித்தான். "சிரிக்காவ! சிரிக்காவ!" என்று கெசியா குடைக்குள் குதித்தாள். அடுத்த கடையில் குழந்தைக் காலுக்கான ஒரு ஜோடிச் சப்பாத்து வாங்கினான். விரல் நீளம்தான் இருக்கும்.

கெசியாவின் கால் நின்றது. "அது யாருக்கு?"

"அக்கா பிள்ளைக்கா இருக்கும்" என்றாள் ஹெப்சிபா.

அதற்குள் அவன் ஒரு பெரிய கட்டிடத்தின் முன் நின்றான். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாய், அவர்கள் தின்ற பலூடாவைப் போலவே இருந்தது. மேலேயிருந்து பாங்கு ஒலித்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் கழுவப் போகிறவர்களோடு உள்ளே போய்விட்டான்.

மூன்று பேரும் பள்ளிவாசலைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்ப... அந்தக் குட்டையன்?" என்றாள் சொர்ணாம்பாள்.

கெசியா எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் இருந்த வெளிச்சம் ஒரு நிமிஷம் அணைந்துபோயிற்று. ஜெபமில்லாத ஆள். அடுத்தவன் சோற்றுக்குக் கை நீட்டுகிற ஆள். "அப்பாவுக்கு எழுதிருவோம் ஹெப்சி. வேண்டாம்னு" என்றாள் மெதுவாக.

தொழுகை முடிந்து வெளியே வந்தவன் நேரே அவர்களிடம் வந்தான். "தப்பா நினைக்கக் கூடாது லாத்தா, அக்கா மாதிரி நினைச்சுக் கேக்கேன். காலையிலருந்து எங்க கிட்டங்கி எதுத்தாப்ல இருந்திய. இப்ப இங்கன இருக்கிய. பேச்சைக் கேட்டா நம்ம பக்கமா இருக்கு, உடுத்தியிருக்கதைப் பாத்தா மிஷன்காரவளா இருக்கு. வழி தவறிட்டியளோ? நான் காயல்பட்டினம், பேரு நூர்முகம்மது."

சொர்ணாம்பாள் குடையை மடக்கினாள். அவன் தானே பேசினான். "எங்ககூட உங்க ஆளு ஒருத்தரு வேலை பாக்காரு. வேதநாயகம். அவரைக் கூட்டியாறேன். வீட்டுல கொண்டு விட்டுருவாரு."

"வேண்டாம்" என்று ஹெப்சிபா சொல்லி முடிப்பதற்குள் அவன் தெருமுனை தாண்டிவிட்டான். ஓடிவிடலாமா என்று அவள் பார்த்தாள். கெசியா அசையவில்லை.

வேதநாயகம் வந்தார். காதில் செருகிய தூரிகை, விரலெல்லாம் கறுப்பு மை. "வணக்கம்மா, எந்தச் சபை நீங்க?" என்றார்.

சொர்ணாம்பாள் குடையை ஊன்றி நிமிர்ந்தாள். வேதம் சொல்லுகிறவளுக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. "சபை இருக்கட்டும் தம்பி. சாப்பாட்டுக்கு முன்ன ஜெபம் பண்ணுத வழக்கம் உங்களுக்குக் கிடையாதோ?"

அவர் திகைத்தார். நூர்முகம்மதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "உண்டு பெரியம்மா. வந்த புதுசுல கண்ணை மூடித்தான் பண்ணுவேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் தொறந்தா மீன் இருக்காது. இந்த ஊருக் காக்கா அப்படி. மூணு நாள் பாத்தேன். நாலாம் நாள்லருந்து கண்ணைத் தொறந்துக்கிட்டே ஜெபம் பண்ணுதேன்."

"நான் வத்தல் கிட்டங்கி இருட்டுக்குள்ள இருந்து வெயிலுக்கு வந்தா கண்ணு எரியும்னு செத்த நேரம் மூடிக்கிடுவேன்" என்றான் நூர்முகம்மது. "பிஸ்மி சொல்லி நான் கண்ணைத் தொறக்குத வரைக்கும் இவருதான் என் பொட்டலத்துக்கு மேல கையை வச்சுக் காவல் இருப்பாரு."

கெசியாவின் தோள் ஆட ஆரம்பித்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள், முகத்தில் வைத்தாள். பயனில்லை. அந்த வாளி கிணற்றில் விழுந்தது. தெருவில் நின்ற வண்டிமாடு இரண்டும் தலையைத் திருப்பின. கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஹெப்சிபா கெசியாவைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது வேதநாயகத்தின் முகத்தை மட்டும். இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தது. அவர் புருவம் உயர்ந்தது. நெற்றி சுருங்குமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணை அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"அதுக்கப்புறமும் ஒரு நாள் கொண்டு போச்சு" என்றார். "அன்னைக்கு நெத்திலி. கண்ணைத் தொறந்துதான் இருந்தேன். அது என் கண்ணைப் பாத்துக்கிட்டே எடுத்துது."

கெசியா முந்தானையைக் கீழே விட்டுவிட்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் முகத்தை மூடாமல் சிரித்ததை ஹெப்சிபா அன்றுதான் கண்டாள். அவரும் சத்தமில்லாமல் குலுங்கினார். காதிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

"இவதான் மெஞ்ஞானபுரத்துப் பக்கத்து உபதேசியார் மக" என்றாள் சொர்ணாம்பாள், அந்த நேரம் பார்த்து.

மை விரல் பத்தும் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. "என்னைப் பாக்கவா வந்திய?" என்று அவர் கேட்டதே சரியாகக் கேட்கவில்லை.

"இல்லை" என்றாள் கெசியா. "ஐஸ் தின்ன வந்தோம்."

கெசியா இப்போது கொச்சிக்கடையில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். மாடியில் ஒரு தையல் மெஷின் போட்டு, மலாய்ப் பிள்ளைகளுக்கும், மூர் என்று சொல்லுகிற சோனகப் பிள்ளைகளுக்கும் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். காக்கா இன்னும் வருகிறதாம். அவள் வீட்டில் நாலு பேரும் கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபம் பண்ணுகிறார்களாம். மூத்தவன் ஆமென் சொல்லும்போது கையையும் தட்டுகிறானாம். ஹெப்சிபாவுக்கு வரும் கடிதங்களில் இதைத் தவிர பெரிதாக ஒன்றும் எழுதுவதில்லை. சிரித்த இடங்களில் மை சிந்தியிருக்கும்.

அவர்கள் கொழும்பிலிருந்து திரும்பி வந்த அந்த ஜூன் மாதம், முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரம், அவள் ஹெப்சிபாவைத் தேடிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். வழக்கமில்லாத வழக்கமாக முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்திருந்தாள்.

"நாளைக்குக் கோயில்ல நீ எங்கன உக்காருவ?"

"எப்பவும் போல உன் பக்கத்துலதான்."

"உக்காரு. ஆனா பாஸ்டர் ஐயா அவுக பேரை வாசிச்சு, தடை சொல்ல யாராவது உண்டான்னு கேக்கும்போது, நீ என் முகத்தை மட்டும் பாத்திராதட்டி. கூரை மேல காக்கா கத்துச்சுன்னாலும் பாத்திராத, என்ன?"